முதல் கேமரா வாங்கப் போறீங்களா? கோலார் தங்கவயலில் இருந்து ஒரு கணக்கு

"ஐம்பதாயிரத்துக்குள்ள நல்ல கேமரா எது?"

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதச் சம்பளம் கையில் வந்ததும் பலர் கேட்கும் கேள்வி இது. கேட்டவுடன் ஆளுக்கொரு மாடல் பெயர் சொல்வார்கள். ஆனால், நீங்கள் எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் உங்களுக்கான பதில் அல்ல.

இந்தக் கட்டுரையில் அந்தக் கேள்வியை ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். அந்த ஊர், கர்நாடகாவில் தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயல்.

கே.ஜி.எஃப்-க்கு இந்தக் கேள்வி ஏன் அவசரம்?

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு பகுதியில் இருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்தது இந்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது.

அதன் பிறகு ஒரு தலைமுறையே மாரிக்குப்பத்தில் இருந்து பங்காருப்பேட்டை வழியாக பெங்களூரு செல்லும் ரயிலில், தினமும் சுமார் 100 கிலோமீட்டர் போய் வேலை பார்த்துத் திரும்புகிறது. ஊரில் மிச்சம் இருப்பவை லைன் வீடுகள், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், சயனைடு மலைகள்.

சயனைடு மலை என்பது தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டப்பட்ட கழிவு மண். 2018-இல் வெளியான 'கே.ஜி.எஃப்' படத்தால் நாடு முழுவதும் இந்த நிலப்பரப்பு பேசப்பட்டது. 2024 ஜூனில், இந்தக் குவியல்களில் 13-ஐ மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பரப்பளவு சுமார் 1,003 ஏக்கர். அந்தத் திட்டம் நடந்தால் ஊரின் தோற்றமே மாறும்.

ஆக, தாத்தா வேலை பார்த்த இடத்தைப் பேரன் படமெடுத்து வைக்க நினைத்தால், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட முடியாது. உங்கள் ஊரில் அது மூடப்பட்ட மில்லாகவோ, இடிக்கப்படப் போகும் பழைய தெருவாகவோ இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

செல்போன் போதாதா?

பல நேரங்களில் போதும். இதைத் தெரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம். தரவு உங்கள் போனிலேயே இருக்கிறது.

ஸ்கிரீன்ஷாட், ஃபார்வேர்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நீங்கள் கடைசியாக எடுத்த 200 படங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் கீழே உள்ள ஏதாவது ஒரு பிரிவில் போடுங்கள்.

- நல்ல வெளிச்சத்தில் எடுத்தது, திருப்தியாக வந்தது
- இருட்டில் எடுத்ததால் புள்ளி புள்ளியாக அல்லது மெழுகு பூசியது போல வந்தது
- ஆள் நகர்ந்ததால் கலங்கியது
- தூரத்தில் இருந்ததால் ஜூம் செய்து, விவரம் இல்லாமல் போனது
- சின்ன அறையில் இடம் போதாமல் பாதி வெட்டுப்பட்டது

முதல் பிரிவிலேயே 150 படங்கள் விழுந்தால், உங்களுக்கு இப்போது கேமரா தேவையில்லை. ஆறு மாதம் போனிலேயே எடுத்துப் பழகலாம், காசு மிச்சம். இரண்டாவது, மூன்றாவது பிரிவுகள் நிறைந்தால், அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். நான்காவது நிறைந்தால் டெலி லென்ஸ். ஐந்தாவது நிறைந்தால் அகலமாகக் காட்டும் லென்ஸ்.

எல்லா விடையும் லென்ஸில் முடிவதைக் கவனித்தீர்களா? கேமரா பாடி அதற்கு அப்புறம்தான்.

'பெரிய கேமரா எடுத்தா இருட்டுலயும் நல்லா வரும்' என்பது உண்மையா?

பாதி உண்மை. வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் பரப்பளவை முதலில் பார்ப்போம்.

- நல்ல செல்போனின் முதன்மை கேமரா: சுமார் 72 சதுர மில்லிமீட்டர்
- மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 225
- ஏ.பி.எஸ்-சி: சுமார் 367 (கேனானில் சற்றுக் குறைவு, சுமார் 330)
- ஃபுல் ஃபிரேம்: 864

போனில் இருந்து ஏ.பி.எஸ்-சி-க்குப் போனால் பரப்பளவு 5 மடங்கு கூடுகிறது. ஏ.பி.எஸ்-சி-யில் இருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் 2.3 மடங்குதான். ஆனால் விலை வித்தியாசம் அப்படி இல்லை. முதல் கேமராவுக்கு ஏ.பி.எஸ்-சி போதும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால், சென்சார் என்பது பாத்திரம் மாதிரி. குழாயின் அகலம் லென்ஸில் இருக்கிறது. எஃப்/1.8, எஃப்/5.6 என்று எழுதியிருப்பது அந்த அகலத்தைத்தான். எண் சின்னதாக இருந்தால் குழாய் பெரியது.

சென்சார் பரப்பளவை அந்த எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரே ஷட்டர் வேகத்தில் சென்சாருக்கு மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

- செல்போன், எஃப்/1.7: 25
- ஏ.பி.எஸ்-சி, கிட் லென்ஸ் 18 மி.மீ-இல், எஃப்/3.5: 30
- ஏ.பி.எஸ்-சி, அதே கிட் லென்ஸ் 55 மி.மீ-இல், எஃப்/5.6: 12
- ஃபுல் ஃபிரேம், எஃப்/4 ஜூம்: 54
- ஏ.பி.எஸ்-சி, எஃப்/1.8 பிரைம் லென்ஸ்: 113

கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால், உங்கள் போனில் பாதி அளவு வெளிச்சம்தான் கிடைக்கிறது. "இவ்ளோ செலவு பண்ணியும் போன் படமே நல்லா இருக்கே" என்று புதிதாக வாங்கியவர்கள் புலம்புவதற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி இருட்டைச் சமாளிக்கிறது. ஆனால், ஆள் நகர்ந்தால் அந்த வித்தை எடுபடாது.

அதே சமயம், ஏ.பி.எஸ்-சி கேமராவில் எஃப்/1.8 லென்ஸ் மாட்டினால், எஃப்/4 ஜூம் போட்ட ஃபுல் ஃபிரேமை விட இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. அதாவது, கையில் இருக்கும் கூடுதல் காசு பாடிக்குப் போவதை விட லென்ஸுக்குப் போவது நல்லது.

நான்கு காட்சிகள், நான்கு தேவைகள்

கே.ஜி.எஃப்-இல் ஒருவர் எடுக்க விரும்பக்கூடிய நான்கு படங்களை எடுத்துக்கொள்வோம்.

விடிவதற்கு முன் ரயில் பெட்டி: மங்கலான விளக்கு, நெரிசல், ஆடும் பெட்டி. கிட் லென்ஸில் எஃப்/5.6 வைத்து, கையசைவு தெரியாத ஷட்டர் வேகத்தில் எடுக்க ஐ.எஸ்.ஓ 12,800 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்/1.8 லென்ஸில் அதே படத்துக்கு சுமார் 1,300 போதும். படம் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. சின்ன உடலும் சத்தமில்லாத ஷட்டரும் இருந்தால் பக்கத்தில் தூங்குபவர் விழிக்க மாட்டார்.

லைன் வீட்டுக்குள் பாட்டி: இங்கே பலர் ஏமாறுகிறார்கள். "முதல்ல 50 மி.மீ எஃப்/1.8 வாங்கு" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50 மி.மீ லென்ஸ் மாட்டி 10 அடி தள்ளி நின்றால், சட்டகத்தில் சுமார் நாலே முக்கால் அடி அகலம்தான் தெரியும். பாட்டியின் முகத்துக்கு அது அருமை. ஆனால் பாட்டி, பின்னால் சாமி படம், பக்கத்தில் தாத்தாவின் ஃபோட்டோ என்று மூன்றும் வேண்டுமென்றால் சுவரை இடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். 35 மி.மீ-இல் ஆறே முக்கால் அடி, 18 மி.மீ-இல் 13 அடி தெரியும். வீட்டுக்குள் எடுப்பவர்கள் 24 முதல் 35 மி.மீ வரையிலான பிரைம் லென்ஸைப் பார்ப்பது நல்லது.

இரும்புக் கோபுரமும் சயனைடு மலையும்: நல்ல பகல் வெளிச்சம். கிட் லென்ஸ் தாராளமாகப் போதும், போனும் போதும். ஆனால் வெயிலில் பின்பக்கத் திரை தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருந்தால் நிம்மதி.

பேத்தமங்கலம் ஏரியில் பறவை: 55-250 மி.மீ போன்ற டெலி லென்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இது உங்கள் முதல் ஆசை இல்லை என்றால், இந்தச் செலவைத் தள்ளிப் போடலாம்.

மெகாபிக்சல் எவ்வளவு வேண்டும்?

24 மெகாபிக்சல் படம் என்பது 6,000 x 4,000 புள்ளிகள். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி தரத்தில் அச்சிட்டால் 20 x 13 அங்குலம் வரும். சுவரில் மாட்டும் அளவு. ஃபுல் எச்.டி திரை காட்டக்கூடியது 2 மெகாபிக்சல்தான். 4கே திரைக்கு 8 மெகாபிக்சல் போதும்.

இப்போது விற்கும் தொடக்கநிலை கேமராக்கள் பெரும்பாலும் 20 மெகாபிக்சலுக்கு மேல் இருக்கின்றன. எனவே இந்த எண்ணை வைத்து இரண்டு கேமராக்களை ஒப்பிட வேண்டாம்.

ஒரு ஒப்பீட்டுக்கு: 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது.

டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா?

ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் கூட்டமைப்பு வெளியிடும் ஏற்றுமதி விவரம் இதற்குப் பதில் சொல்கிறது. 2010-இல் அதன் உறுப்பு நிறுவனங்கள் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களை சந்தைக்கு அனுப்பின. 2024-இல் அது சுமார் 85 லட்சம். மீதியைச் செல்போன் விழுங்கிவிட்டது.

அந்த 85 லட்சத்தில் மிரர்லெஸ் சுமார் 56 லட்சம், டி.எஸ்.எல்.ஆர் சுமார் 10 லட்சம். கேனான், நிகான் இரண்டுமே 2018-இல் மிரர்லெஸ்ஸுக்கான புதிய மவுன்ட்டைக் கொண்டுவந்துவிட்டன. புதிய லென்ஸ்கள் அதற்குத்தான் வருகின்றன.

அதனால்:

- புதிதாக வாங்குவதாக இருந்தால், மிரர்லெஸ்.
- பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். பழைய லென்ஸ்கள் நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. பேட்டரியும் நின்று பேசும்: நிகான் டி3500-க்கு நிறுவனம் சொல்லும் கணக்கு ஒரு சார்ஜுக்கு 1,550 படங்கள். தொடக்கநிலை மிரர்லெஸ் பலவற்றில் 300 முதல் 400 தான்.

மவுன்ட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். கேனானின் எம் வரிசை மிரர்லெஸ் கேமராக்கள் நன்றாக விற்றன. ஆனால் 2022-இல் சின்ன சென்சார் கேமராக்களும் ஆர்.எஃப் மவுன்ட்டுக்கு மாறத் தொடங்கியதும் அந்த வரிசை முடிவுக்கு வந்தது. இன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், புதிய லென்ஸ் எதிர்பார்க்க முடியாது.

"சரி, மாடல் பேரைச் சொல்லுங்க"

கிட் லென்ஸோடு புதிய தொடக்கநிலை மிரர்லெஸ் பொதுவாக 50 ஆயிரம் முதல் 80 ஆயிரம் ரூபாய் வரை ஆகிறது. கடைக்குப் போனால் அதிகம் காட்டப்படுபவை இவை.

- கேனான் ஆர்50: சின்னது, வ்யூஃபைண்டர் உண்டு, ஆட்டோஃபோகஸ் நன்றாக இருக்கும். இதை விட மலிவான ஆர்100-இல் தொடுதிரை கிடையாது.
- நிகான் இசட்30: கைப்பிடிப்பு நன்றாக இருக்கும். வ்யூஃபைண்டர் இல்லை. வெயிலில் எடுப்பவர்கள் இசட்50 வரிசையைப் பார்க்கலாம்.
- சோனி இசட்.வி-இ10: வீடியோவை மனதில் வைத்துச் செய்தது. இதிலும் வ்யூஃபைண்டர் இல்லை. இ மவுன்ட் 2010-இல் இருந்து இருப்பதால் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் நிறையக் கிடைக்கும்.
- கேனான் 1500டி: டி.எஸ்.எல்.ஆர். 9 ஃபோகஸ் புள்ளிகள்தான். ஓடுபவரைத் துரத்தி எடுக்கத் திணறும். நின்று நிதானமாக எடுக்க, கற்றுக்கொள்ள, தாராளம்.

முடிவெடுப்பதற்கு முன் பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் கழுத்தில் தொங்கினால்தான் கனம் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஷட்டர் எண்ணிக்கை: தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் பலவற்றின் ஷட்டர் சுமார் 1 லட்சம் கிளிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது. வாரம் 300 படம் எடுப்பவர் அதைத் தொட 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் எடுப்பவர் 50 கல்யாணத்தில் முடித்துவிடுவார். எனவே "எத்தனை வருஷம் ஆச்சு" என்பதை விட "யார் கையில் இருந்தது" என்று கேளுங்கள். நிகானில் எடுத்த படத்தின் ஃபைலிலேயே பெரும்பாலும் இந்த எண் இருக்கும். கேனானில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

பூஞ்சை: லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இருந்து வரும் லென்ஸ்களில் கூடுதல் கவனம் தேவை.

சென்சார் தூசி: எஃப்/16 வைத்து வெறும் வானத்தைப் படமெடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது தூசி; சுத்தம் செய்யலாம். கீறல் என்றால் விட்டுவிடுங்கள்.

ஃபோகஸ் மோட்டார்: நிகான் டி3500, டி5600 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ எஃப்/1.8 'டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த பாடிகளில் அது தானாக ஃபோகஸ் செய்யாது. 'ஜி' வகையைக் கேளுங்கள்.

பில்: அசல் ஜி.எஸ்.டி பில்லும், பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணும் பாடியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். திருட்டுப் பொருள் சிக்கலில் இருந்து காப்பது அதுதான்.

நோ-காஸ்ட் இ.எம்.ஐ உண்மையிலேயே இலவசமா?

60,000 ரூபாய்க்கு 15% வட்டியில் 12 மாத இ.எம்.ஐ என்றால் மாதம் சுமார் 5,415 ரூபாய். மொத்த வட்டி சுமார் 5,000. நோ-காஸ்ட் திட்டத்தில் அந்த வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் கிரெடிட் கார்டில் வட்டி மீதான 18% ஜி.எஸ்.டி, அதாவது சுமார் 900 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். பிராசசிங் கட்டணம் தனி. மொத்தமாகப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். 'பூஜ்ஜிய வட்டி' என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

கேமராவின் ஜி.எஸ்.டி முன்பு 28% இருந்தது. 2019 ஜனவரியில் இருந்து 18%.

இன்னொரு தவறு, மொத்த பட்ஜெட்டையும் பாடிக்கே கொடுத்துவிடுவது. 60,000 ரூபாய் இருந்தால், ஒரு மாதிரிக் கணக்கு இப்படி இருக்கலாம்.

- செகண்ட் ஹேண்ட் பாடி, கிட் லென்ஸ்: 35,000
- பிரைம் லென்ஸ்: 12,000
- ஹார்டு டிஸ்க்: 5,000
- மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி: 4,000
- பை: 2,000
- படங்களை அச்சிட: 2,000

ஹார்டு டிஸ்க் ஏன்? 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சுமார் 25 எம்.பி. வாரம் 300 படம் என்றால் ஆண்டுக்கு சுமார் 390 ஜி.பி. அது லேப்டாப்பில் மட்டும் இருந்தால், லேப்டாப் போகும் அன்று எல்லாம் போகும். எப்போதும் இரண்டு பிரதி வைத்திருங்கள்.

கடைசி வரி ஏன்? போனில் இருக்கும் படத்தைப் பாட்டியால் சுவரில் மாட்ட முடியாது.

கேமரா கைக்கு வந்த பிறகு

மூடப்பட்ட சுரங்க வளாகங்கள் அனுமதி இல்லாமல் நுழையும் இடங்கள் அல்ல. ரீல்ஸுக்காக சயனைடு மலை மீது ஏறவும் வேண்டாம். காற்றடிக்கும்போது அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது, சென்சாருக்கும் ஆகாது. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் பல மாடல்களில் சென்சார் அப்படியே திறந்து நிற்கும். வெளியில் கிளம்பும் முன்பே எந்த லென்ஸ் என்று முடிவு செய்து மாட்டிக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்துக்கு ஒரே லென்ஸ், ஒரே விஷயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளைப் படமெடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். எடுத்த பிறகு பெயர், தேதி, இடம், எந்தச் சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதைக் குறித்து வையுங்கள். இருபது வருடம் கழித்து, படத்தின் தெளிவை விட அந்தக் குறிப்புதான் உதவும்.

வீட்டில் தாத்தாவின் பழைய அடையாள அட்டையோ ஸ்டுடியோ படமோ இருந்தால், அதைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும். ஜன்னல் ஓரம், நேரடி வெயில் படாத இடத்தில், தாளுக்கு நேர் மேலே இருந்து எடுத்தால் போதும். அதற்கு எந்த கேமராவும் போதும். கையில் இருக்கும் போனும் போதும். அந்த வேலையை கேமரா வாங்கும் வரை தள்ளிப்போடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.